இணைப்பு: மூன்று தாள்

நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு உலை வைத்துப் பழகியவளுக்கு வீட்டில் மூன்று பேருக்குச் சமைக்க வராது என்று புருஷன் மருது கேலி பண்ணுவான். அதில் பொய் இல்லை. பாண்டிமீனா குழம்பு கூட்டினால் தெருவுக்கே காணும். எலுமிச்சை அளவு புளி என்று சொன்னால் அவளுக்குக் கை ஓடாது. தேங்காய் அளவு என்றால் சட்டென்று பிடித்துக்கொள்வாள்.

அலங்காநல்லூருக்கு வடக்கே, மெயின்ரோட்டை விட்டு இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது புளியங்கண்மாய். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவள் பன்னிரண்டு வருஷம் சத்துணவுச் சமையலராக இருந்தாள். அவளுடைய அம்மாவும் அப்பாவும் கடைசிவரைக்கும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டு, களையெடுத்து, அதோடு போய்ச் சேர்ந்தவர்கள். அந்த வகையறாவில் அரசாங்க முத்திரை குத்திய கவர் ஒன்று பெயர் சொல்லித் தேடி வந்தது என்றால் அது பாண்டிமீனாவின் நியமன உத்தரவுதான். மருது அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினான். வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அவனே அதை எடுத்து வாசித்துக் காட்டினான்.

முதல் மாதம் கிழக்குத்தெருப் பிள்ளைகள் பதினாறு பேர் வீட்டிலிருந்து தூக்குவாளியில் சோறு கொண்டு வந்தார்கள். சத்துணவு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று காரணம் சொன்னார்கள். எது ஒத்துக்கொள்ளவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்; யாரும் வாயைத் திறக்கவில்லை. பாண்டிமீனா அந்தப் பதினாறு பேருக்கும் சேர்த்தே தினமும் அரிசி போட்டாள்.

மூன்றாம் மாதம் சமையல் உதவியாளராக ஒச்சாயி வந்தாள். கிழக்குத்தெருக்காரி. பாண்டிமீனாவைவிட ஆறேழு வயது மூத்தவள், கணவனைப் பறிகொடுத்தவள், ஒன்றரை ஏக்கர் நிலமும் ஓயாத வாயும் உள்ளவள். வந்த அன்றைக்கே முதல் தட்டைத் தானே போட்டுக்கொண்டு பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே, போகிறவர் வருகிறவர் பார்க்கிற மாதிரி, சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டாள்.

“என்னடி ஒச்சாயி, இங்கயா திங்கிற?” என்று அவள் தெருக்காரி ஒருத்தி நின்று கேட்டாள்.

“ஆமா. ஒங்க வீட்டுச் சோத்துல கல்லுக் கெடக்கு. இங்க கெடக்கல. நீயும் உக்காரு.”

அடுத்த வாரம் தூக்குவாளிகள் பத்தாயின. பிறகு நாலாயின. பிறகு ஒன்றுமில்லை. அதற்கப்புறம் பன்னிரண்டு வருஷம் அந்தச் சமையலறையில் இரண்டு பெண்களும் ஒரே அடுப்பின் இரண்டு பக்கம் நின்றார்கள். பாண்டிமீனா கரண்டியைப் பார்த்துக்கொள்வாள், ஒச்சாயி வாய்ச் சண்டைகளைப் பார்த்துக்கொள்வாள்.

ஆடி மாதத்தில் ஒருநாள் முட்டை வண்டிக்காரன் இறக்கும்போது ஓர் அட்டையைக் கைநழுவ விட்டான். ஏழு முட்டை கீறிவிட்டது. அதற்குப் பதில் வேறு ஏழு கொடுத்துவிட்டுப் போனான். கீறலானதைப் பிள்ளைகளுக்குப் போடக்கூடாது. “குப்பையிலயா கொட்டுவ? எடுத்துட்டுப் போ” என்றாள் ஒச்சாயி. தூக்கில் வைத்து எடுத்துப்போய், அன்றைக்கு வீட்டில் உடைத்து ஊற்றிக் குழம்பு வைத்தாள் பாண்டிமீனா. மருது இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, “தெனமும் ஒரு அட்டையக் கீழ போடச் சொல்லு” என்றான்.

மருது மதுரை காளவாசலில் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். விடிய எழுந்து போய், இருட்டி வருவான். காளவாசலுக்குப் பின்னால் ஒரு சந்தில் இரண்டு அறை வீடு பார்த்து வைத்திருந்தான். குழாயில் தண்ணீர், காலேஜில் சேர்ந்திருந்த மகள் பவதாரிணிக்கு வாசலிலேயே பஸ். போய்விடலாம் என்று மூன்று தடவை கேட்டான். மூன்று தடவையும் பாண்டிமீனா ஒரே பதிலைத்தான் சொன்னாள்.

“நான் வேலைய விட்டுட்டு அங்க வந்து என்னங்க செய்ய? செவுத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கவா?”

நாலாவது தடவை அவன் கேட்கவில்லை. அதைச் சம்மதம் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

அந்த ஐப்பசியில்தான் பஸ் மனு எழுதினாள். டவுன் பஸ் மெயின்ரோட்டோடு போய்விடுகிறது; ஊருக்குள் வந்து திரும்ப வேண்டும் என்று ஒரு பக்கம் தன் கையாலேயே எழுதினாள். மகளின் பழைய ரெக்கார்டு நோட்டிலிருந்து மூன்று நீளத் தாள் எடுத்து, பச்சை ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டுக்கொண்டு, சாயந்திரங்களில் இரண்டு தெருவிலும் வீடு வீடாகப் போனாள். ஐம்பத்தெட்டுப் பேர் கையெழுத்தும் ரேகையும் வைத்தார்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு வாங்குவார்கள். அவளுக்கு லீவு கிடைக்காது. மருதுவிடம் கொடுத்துவிட்டாள். சாயந்திரம் வந்து, “குடுத்தாச்சு, வாங்கிக்கிட்டாங்க” என்றான்.

பஸ் வரவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் “மனு போயிருக்கு, வரும்” என்று பாண்டிமீனா சொல்லிக்கொண்டிருந்தாள்.

வந்தது வேறொன்று. பொங்கல் முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரம், நிர்வாக நலன் கருதி அவளை இடமாறுதல் செய்வதாக உத்தரவு வந்தது. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய மலையடிவாரத்துப் பள்ளிக்கூடம். அங்கே பத்தொன்பது பிள்ளைகள். புளியங்கண்மாயில் மறு உத்தரவு வரும்வரை சமையலைக் கவனிக்க வேண்டியது ஒச்சாயி.

யூனியன் ஆபீஸில் சத்துணவு செக்‌ஷனைப் பார்க்கிற கிளார்க் சிவபாண்டியிடம் போய் நின்றாள்.

“என்னால நிர்வாகத்துக்கு என்ன நலன் சார் கெட்டுச்சு?”

“பொதுமக்கள் புகார்மா. ஊரே கையெழுத்துப் போட்டிருக்கு.”

“எந்த ஊரு?”

“உன் ஊருதான்.”

“என்னன்னு புகார்?”

“அதெல்லாம் சொல்லக் கூடாது. மெமோ, விசாரணைன்னு போகாம மாறுதலோட விட்டாங்கன்னு சந்தோசப்பட்டுக்க. பேசாமப் போய்ச் சேந்துரு.”

போய்ச் சேர்ந்தாள். காலை ஐந்தரைக்குக் கிளம்பி மெயின்ரோடு வரைக்கும் நடப்பாள். வேலை போகவில்லை, சம்பளம் குறையவில்லை. ஆனால் பன்னிரண்டு வருஷம் சோறு போட்ட ஊர் தன்மேல் என்ன எழுதிக் கொடுத்தது, அதை யார் எழுதியது என்று தெரியாமல் அவளால் அந்தத் தெருவில் நடக்க முடியவில்லை. எதிரே வருகிற ஒவ்வொரு முகத்தையும் இவளாக இருக்குமோ, இவனாக இருக்குமோ என்று பார்த்தாள். ஒருத்தி வழக்கம்போலச் சிரித்தால், எதை மறைக்கச் சிரிக்கிறாள் என்று தோன்றியது.

“தகவல் கேட்டு எழுதும்மா” என்றாள் பவதாரிணி. “பத்து ரூவா வில்லை ஒட்டி எழுதுனா முப்பது நாளுக்குள்ள பதில் சொல்லியாகணும். சட்டம் இருக்கு. உன் மேல வந்த புகாரோட நகலைக் கேளு.”

மருதுவுக்கு அதில் இஷ்டமில்லை. “விடு பாண்டி. ஆபீஸுக்காரனோட மல்லுக்கட்டி யாரு செயிச்சா? இருக்குற வேலையும் போயிரும்.” தனக்காகப் பயப்படுகிறான் என்று நினைத்தாள். அவன் சொல்லைத் தட்டி எழுதுகிறோமே என்று கொஞ்சம் உறுத்தலாகக்கூட இருந்தது.

இருபத்தொன்பதாம் நாள் பதில் வந்தது. ஒரே ஒரு பக்கம், டைப் அடித்தது. அனுப்புநர் பெயர் இருந்த இடத்தில் கறுப்பு மையைப் பூசி ஜெராக்ஸ் எடுத்திருந்தார்கள். பவதாரிணி வாசிக்க ஆரம்பித்தாள், பாதியில் நிறுத்தினாள். பாண்டிமீனா வாங்கித் தானே வாசித்தாள்.

‘மேற்படி சமையலர் பிள்ளைகளுக்கு வரும் முட்டைகளை எவர்சில்வர் தூக்கில் மறைத்து வைத்துத் தன் வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார். கேட்டால் உடைந்த முட்டை என்கிறார்.’

அடியில், ‘இணைப்பு: பொதுமக்கள் கையெழுத்து, மூன்று தாள்’ என்று இருந்தது. அந்த மூன்று தாளும் மூன்றாம் நபர் விவரம் என்பதால் தர இயலாது என்று தனியே ஒரு வரி எழுதியிருந்தார்கள்.

தூக்கு. உடைந்த முட்டை. அன்றைக்குச் சமையலறையில் இருந்தது இரண்டே பேர். எடுத்துப் போ என்று சொன்னவள் ஒச்சாயி. இப்போது தன் இடத்தில் நின்று கரண்டி பிடிக்கிறவளும் ஒச்சாயி. இதற்கு மேல் என்ன வேண்டும்?

மறுநாள் சாயந்திரம் மெயின்ரோட்டு நிறுத்தத்தில், உரமூட்டையோடு நின்ற ஒச்சாயியைப் பத்துப் பேர் நடுவில் பிடித்துக்கொண்டாள். என்னென்ன கேட்டாள் என்பதை அப்புறம் நினைத்துப் பார்க்கவே அவளுக்குக் கூசும். “என் கரண்டிதான் வேணும்னா கேட்டிருந்தா நானே குடுத்துருப்பேனேடி, திருட்டுச் சிறுக்கி” என்றது அதில் ஒன்று. அன்றைக்குக் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்து சாப்பிட்டதுகூட வேஷம்தான் என்றது இன்னொன்று. ஓயாத வாய்க்காரியான ஒச்சாயி ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு இரண்டு கிலோமீட்டரும் நடந்தே போனாள்.

பாண்டிமீனா வீட்டுக்கு வந்து மருதுவிடம்தான் சொல்லி அழுதாள். அவன் செல்போனைப் பார்த்தபடியே, “அந்தத் தெருக்காரவுக புத்தி எங்க போகும்?” என்றான்.

அந்த மூன்று தாளில் ஒச்சாயியின் கையெழுத்து இருக்கும். அதை ஊர் பார்க்கக் காட்ட வேண்டும். அதற்காகவே மேல்முறையீடு எழுதினாள். அதற்குப் பதில் வராமல் நினைவூட்டு எழுதினாள். அதற்கும் வராமல் நேரில் போய் இரண்டு நாள் பெஞ்சில் உட்கார்ந்தாள். கடைசியில் விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தபோது, மாறுதலாகிப் பதினாலு மாதம் ஓடியிருந்தது. மருதுவைக் கூட வரச் சொன்னாள். “இன்னைக்கு லோடு இருக்கு” என்றான். தனியாகப் போனாள்.

மேல்முறையீட்டு அதிகாரி ஒரு பெண். ரொம்பப் பேசாதவர். இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, “நகல் அப்புறம் பாக்கலாம். மொதல்ல காட்டுங்க, பாக்கட்டும்” என்றார். சிவபாண்டி கோப்பின் நாடாவை அவிழ்த்து, அந்த மூன்று தாளை மட்டும் மேசைமேல் விரித்தார்.

“பாக்க மட்டுந்தான். போன்ல படம் கிடம் எடுக்கக் கூடாது.”

அவள் கண் ஒச்சாயியைத் தேடியது. தேடவே வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது பெயரே அதுதான். யானைக்காது போல ஒரு பெரிய ‘ஒ’ போட்டு, மீதியை இடம் போதாமல் நெருக்கி எழுதியிருந்த ஒச்சாயியின் கையெழுத்து.

“இந்தா இருக்கு பாருங்க மேடம்!” விரலை வைத்து அழுத்தினாள். “பன்னண்டு வருசம் எங்கூட நின்னவ. ரெண்டாவது ஆளாப் போட்டிருக்கா பாருங்க.”

“மொத ஆளு யாரு?” என்றார் அதிகாரி, சாதாரணமாக.

பாண்டிமீனா விரலை நகர்த்தினாள். ‘1. ம. பாண்டிமீனா, சமையலர்.’

அவளுடைய கைதான். கடைசி எழுத்தைக் கீழே இழுத்து ஒரு சுழி போடுவாளே, அந்தச் சுழியும் இருந்தது. அப்போதுதான் பெயர்களை விட்டுத் தாளைப் பார்த்தாள். பச்சைக் கோடு. ரெக்கார்டு நோட்டின் ஓரத்து ஓட்டைகள். கோரிக்கையை முதல் பக்கத்தில் எழுதிவிட்டதால், இந்த மூன்று தாளிலும் எதற்காகக் கையெழுத்து என்று ஒரு வார்த்தைகூட அவள் எழுதியிருக்கவில்லை. வெறும் எண்களும் பெயர்களும். எதற்குப் பின்னால் வைத்துக் குத்தினாலும் பொருந்தும்.

சிவபாண்டி எட்டிப் பார்த்தார். மறுபடி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“ஏம்மா, இது நீதான? உன்ன மாத்தச் சொல்லி நீயே மொதக் கையெழுத்துப் போட்டிருக்க?” அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதிகாரியின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டார்.

“மூணு டேபிள் தாண்டி, உத்தரவு வரைக்கும் போன ஃபைல்” என்றார் அதிகாரி. “ஒருத்தர்கூடவா பேர வாசிக்கல?”

“எண்ணிக்கை சரியா இருக்கான்னு பாத்தோம் மேடம். அம்பத்தெட்டு. சரியா இருந்துச்சு.”

பாண்டிமீனா பஸ் மனுவைப் பற்றிச் சொன்னாள். சொல்லச் சொல்லத் தன் குரல் யாருடையதோ போலக் கேட்டது.

“அந்த மனுவ யார் கையில குடுத்த?” என்று அதிகாரி கேட்டார்.

அவள் விரலைத் தாளிலிருந்து எடுத்துக்கொண்டாள். அவர் அவளைப் பார்த்துவிட்டுக் கோப்பை மூடினார். “இதுல உன் கையெழுத்தும் இருக்குறதுனால நகல் தரச் சொல்றேன். நீ ஒண்ணு எழுதிக் குடு. இது வேற மனுவுக்கு வாங்குன கையெழுத்து, யாரு வாங்குனது, யாரு கொண்டுபோனதுன்னு. இதுல போட்டவங்க வேற ஒருத்தராச்சும் அதை ஆமான்னு சொல்லிக் கையெழுத்துப் போடணும். அதை வச்சுத்தான் மாறுதலை ரத்துப் பண்ணச் சொல்லி மேல எழுத முடியும். யாருன்னு சொல்லாம மொட்டையா எழுதுனா, இதுவும் இன்னொரு காகிதமாத்தான் கெடக்கும்.”

முத்திரை குத்திய நகல்களை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். ஊருக்குப் போகிற பஸ் வந்தது; அதை விட்டுவிட்டு மதுரைப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினாள்.

காளவாசலில் உச்சிவெயில். நாலு பக்கமும் ஹாரன். மருது வண்டிக்குள் உட்கார்ந்து தக்காளிச் சாதப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும், “என்ன இங்க வந்துட்ட? சாப்ட்டியா?” என்றான். அவள் நகலை ஸ்டியரிங்மேல் வைத்தாள். ஜெராக்ஸில் பச்சைக் கோடு கறுப்பாகத்தான் வந்திருந்தது. அவனுக்குத் தெரியாமலில்லை. சோற்றுக்குள் இருந்த கை அப்படியே நின்றது.

“இத எங்க குடுத்தீங்க?”

“பாண்டி, இங்க வச்சுப் பேசாத. வீட்டுக்கு வாரேன்.”

“வீட்டுலதான பதினாலு மாசம் இருந்தீங்க. அப்பப் பேசிருக்கலாம்ல.”

அவன் பொட்டலத்தை மடித்து வைத்தான். கையைக் கழுவினான். கழுவினதையே திரும்பக் கழுவினான்.

“டவுனுக்குத்தான் போடுவாங்கன்னு சொன்னான்.”

“எவன்?”

“லோடு ஏத்த வாரவன் ஒருத்தன். அவன் மச்சினிச்சிக்கு அப்புடித்தான் கெடச்சுச்சாம். நாமளா மாறுதல் கேட்டா பத்து வருசமானாலும் ஆகாது, புகார்னு போச்சுன்னா ஒரே மாசத்துல தூக்கிருவாங்க, அப்பக் காளவாசல் பக்கம் கேட்டுக்கலாம்னான். யூனியன் விட்டு டவுனுக்குப் போட மாட்டாங்கன்னு அவனுக்கும் தெரியல, எனக்கும் தெரியல.”

“முட்டையத் திருடுறான்னு எழுதச் சொன்னதும் அவன்தானா?”

“சும்மா எழுதுனா எடுபடாதுன்னான். எதாச்சும் ஒண்ணு வேணும்ல.”

“அந்த முட்டைய நீதானய்யா தின்ன.”

இருபத்தோரு வருஷத்தில் நாலு பேர் முன்னால் அவனை அவள் ‘நீ’ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. பக்கத்து வண்டியில் சாய்ந்து படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்தான்.

“நமக்காகத்தான் பாண்டி. புள்ள படிப்புக்காகத்தான். தப்பாப் போயிருச்சு. எப்புடிச் சொல்றதுன்னு தெரியாம...”

“ஒச்சாயி அக்காவ நான் என்னென்ன கேட்டேன்னு வந்து உங்கிட்டத்தான அழுதேன். நீ என்ன சொன்ன அன்னைக்கு?”

அவன் ரோட்டைப் பார்த்தான்.

“புத்தி எங்க போகும்ன. யாரு புத்தி?”

பதிலுக்கு அவள் நிற்கவில்லை. ஸ்டியரிங்மேல் இருந்த நகலை எடுத்துக்கொண்டு நடந்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அவன் அடித்திருந்தால்கூடச் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம் என்று தோன்றியது. பதினாலு மாதம் ஐந்தரை மணிக்கு டார்ச் அடித்துக்கொண்டு அவள் கிளம்பும்போது, “பாத்துப் போ, நாயி கெடக்கும்” என்று பாயில் படுத்தபடியே சொல்லியிருக்கிறான். அந்தக் குரலில் அக்கறை இருந்தது. அதுதான் அவளுக்குப் புரியவே இல்லை.

ஒச்சாயி வீட்டு வாசலில் மாட்டுக்குச் சோளத்தட்டை நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு நறுக்குவதைத் தொடர்ந்தாள்.

“யாரு, ஆபீஸரம்மாவா? வழி தப்பி வந்துட்டீகளா?”

“அக்கா...”

“அக்காவா? அன்னைக்கு வேற என்னமோ பேருல்ல சொல்லிக் கூப்ட்ட.”

பாண்டிமீனா நகலை நீட்டினாள். ஒச்சாயி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள், வாசித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

“மேல ஒம் பேரு. கீழ எம் பேரு. அப்ப நாம ரெண்டு பேரும் சேந்துதான் ஒன்னத் தொரத்திருக்கோம்.”

பாண்டிமீனா நடந்ததைச் சொன்னாள், மருதுவின் பெயர் உட்பட. ஒச்சாயி அதற்கு ஆச்சரியப்படவில்லை, திட்டவுமில்லை.

“நான் எழுதலங்கறது பன்னண்டு வருசம் பக்கத்துல நின்னவளுக்குத் தெரியல. சீல் குத்துன காகிதம் வந்து சொல்ல வேண்டியிருக்கு. ம்?”

“தப்புத்தேன்க்கா.”

“தப்புத்தேன். திருட்டுச் சிறுக்கின்னு மெயின்ரோட்டுல பத்துப் பேரு முன்னால சொன்ன. இத எங்க வீட்டு வாசல்ல, மாட்டுக்கு முன்னால சொல்ற.”

மாடு தட்டையை மென்றுகொண்டிருந்தது. பாண்டிமீனா கடைசியாக, இது பஸ் மனுவுக்குப் போட்ட கையெழுத்து என்று எழுதிக் கொடுத்தால் கையெழுத்துப் போடுவாயா என்று கேட்டாள்.

“இன்னொரு தடவையா?” ஒச்சாயி அரிவாளைக் கீழே வைத்தாள். “நீ திரும்பி வந்தா நான் பழையபடி வெங்காயம் உரிக்கணும். அது கெடக்கட்டும், நீ வச்ச சாம்பாரத்தான் புள்ளைக தேடுதுக. போடுறேன். ஆனா ஒன்னு. எழுதுறதுல ஒம் புருசன் பேரு இருக்கணும். யாரோ கொண்டுபோனாக, யாரோ மாத்துனாகன்னு எழுதிக்கிட்டு வந்தியன்னா, அந்த யாரோ நான்தான்னு ஊரு சொல்லும். நீதான அப்புடிச் சொல்லிக் குடுத்த ஊருக்கு.”

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டு எழுத உட்கார்ந்தாள். மருது அன்றைக்கு நேரத்தோடு வந்திருந்தான். பவதாரிணி அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

“எம் பேரப் போடப் போறியா?” என்றான்.

அவள் எழுதிக்கொண்டிருந்தாள்.

“கேஸாக்கிருவாங்க பாண்டி. வண்டி லைசென்ஸு அது இதுன்னு இழுத்துருவாங்க. எங்கிட்டோ காத்துல போயிருச்சு, தொலஞ்சு போச்சுன்னு எழுது. ஒனக்கு வேல திரும்பக் கெடச்சாப் போதும்ல?”

போதும்தான். காலையில் ஆபீஸுக்குக் கிளம்பும்போது கேட்டிருந்தால் அவளும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

“கேஸாகணும்னு எழுதல. நடந்தத எழுதுறேன். நடந்ததுல நீ இருக்க.”

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். இரவு வந்து படுத்தான். காலையில் அவளுக்கு முன்னால் எழுந்து போய்விட்டான்.

ஒச்சாயி அந்தத் தாளை முழுதும் எழுத்துக்கூட்டி வாசித்தாள். ‘என் கணவர் மருது’ என்ற இடத்தில் கொஞ்சம் நின்றாள். பிறகு பெரிய ‘ஒ’ போட்டு, மீதியை நெருக்கி எழுதினாள். பேனாவை மூடிக் கொடுத்தபோது, “கையெழுத்துப் போட்டதுனால பழையபடி பேசிருவேன்னு நெனச்சுக்கிறாத” என்றாள். பாண்டிமீனா தலையாட்டினாள்.

சிவபாண்டி இந்தத் தடவை ஒவ்வொரு வரியாக வாசித்தார். பாதியில் நிமிர்ந்தார்.

“என் கணவர்னு போட்டிருக்க?”

“ஆமா சார்.”

“அந்தாளு இப்ப ஒன்கூடத்தான் இருக்காரா?”

“அதே வீட்டுலதான் சார் இருக்காரு.”

அவர் குரலைத் தாழ்த்தினார். “நான் இன்னும் பதியல. வேணும்னா திரும்ப வாங்கிக்க. நம்பர் போட்டுட்டா, அப்புறம் யாரு கேட்டாலும் இதக் காட்ட வேண்டியிருக்கும்.”

“யாரு வேணும்னாலும் கேக்கட்டும் சார்” என்றாள் பாண்டிமீனா. “நம்பரப் போடுங்க.”

அவர் பேரேட்டைத் திறந்து எண் போட்டார். ஒப்புகைச் சீட்டை வாங்கி மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டாள். மலையடிவாரத்துப் பள்ளிக்கூடத்துக்கு அரைநாள்தான் லீவு சொல்லியிருந்தாள். பஸ் நிறுத்தத்துக்கு வேகமாக நடந்தாள். அங்கே பத்தொன்பது பிள்ளைகளுக்கு இன்னும் அரிசி களையவில்லை.